நான்கு ஃபிரேம் தயக்கம்

ஜூன் மாதம் மகளை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு வந்த அன்றே இந்த வேலை மனதில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்து கேட் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தவள், கேட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். நாலடி உள்ளே போனாள், நின்றாள், திரும்பி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் முதுகில் லேசாகத் தொட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே போனாள். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

அந்த ஒரு நிமிடத்தை அனிமேஷனாகச் செய்து வைக்க ஆசைப்பட்டேன். மனித உருவங்களை வரைந்து அசையவைக்கும் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் ஒரு செவ்வகம், ஒரு வட்டம், ஒரு முக்கோணம் இருந்தால் போதும் என்று தோன்றியது. செவ்வகம் அம்மா, வட்டம் குழந்தை, முக்கோணம் டீச்சர். வசனமும் இசையும் வேண்டாம். 40 விநாடிக்குள் முடிய வேண்டும். பார்ப்பவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், என்ன நடந்தது என்று அவர் எனக்குச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை.

முதலில் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்தேன். மூன்று வடிவங்களையும் போட்டு, வட்டத்துக்கு இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்தேன். செவ்வகத்துக்கும் கண். தொடக்கத்தில் ஒரு கீ (அந்த நேரத்தில் வடிவம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறிப்பு), முடிவில் ஒரு கீ, நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிவிடும். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் எல்லாமே லிஃப்ட் மாதிரி நகர்ந்தன. மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மெதுவாக நிற்கும். குழந்தை தயங்கிப் போவதும் அதே தினுசு, பயந்து ஓடிவருவதும் அதே தினுசு. பிளெண்டரில் கீ வைத்தால் முன்னிருப்பாக வருவது பெசியர் வளைவு. நாம் மாற்றாத வரை ஒவ்வொரு நகர்வையும் அது ஒரே மாதிரி வழவழப்பாக்கிவிடும். இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் எங்கே மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்று கைக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ரவுண்டு முதல்ல சிரிக்குது, அப்புறம் அழுது, அப்புறம் சிரிக்குது" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். கேட்டைப் பற்றியோ ஓடிவந்ததைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை. வாயின் வளைவைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். முகம் இருந்தால் கண் அங்கேயே போய் நின்றுவிடுகிறது, உடம்பு என்ன செய்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கே கண்ணையும் வாயையும் அழித்தேன்.

முகமே இல்லாத வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் கதை சொல்வார்களா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. 1944இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு வைத்த ஒரு செவ்வகக் கட்டம். அவை அங்குமிங்கும் நகரும் சிறிய படம் ஒன்றை எடுத்து, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் 34 பேர். அதில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக மட்டும் எழுதினார். மற்றவர்களுக்குச் சண்டை, பயம், துரத்தல், தப்பித்தல் எல்லாம் தெரிந்தது. நம் தோல்பாவைக் கூத்திலும் பாவையின் முகம் ஒரு தரம் வெட்டியதுதான். அழுதாலும் அதே முகம், அதட்டினாலும் அதே முகம். ஆட்டுகிறவரின் கையும் குரலும்தான் மாறும். என் படத்தில் குரலும் இல்லை. ஆக, மிச்சம் இருப்பது கை மட்டும்தான். அதனால் கணினியை மூடிவிட்டுக் காகிதத்துக்கு வந்தேன்: வெட்டிய உருவங்களைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, வரிசையாக ஓட்டுவது.

மேசை ஏற்பாடு எளிமையானது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு மேல், சமையலறை ஷெல்ஃப் வேலையில் மிஞ்சிய பிளைவுட் பலகை. பலகையின் ஓரத்துக்கு வெளியே கேமரா எட்டிப் பார்க்கும்படி ஃபோனைத் திரை மேலே இருக்க வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். கீழே தரையில் ஏ3 அளவு வெளிர்மஞ்சள் தாள், நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டியது. தாளின் அகலம் 42 செ.மீ. படத்துக்கு 40 செ.மீ. அகலம் எடுத்துக்கொண்டால் 16:9க்கு உயரம் 22.5 செ.மீ. வரும். அந்தக் கட்டத்தை பென்சிலால் மெல்லிதாகக் குறித்து, ஃபிரேமுக்குச் சற்று வெளியே விழும்படி ஃபோனின் உயரத்தைச் சரிசெய்தேன். திரையைத் தொட்டுப் படமெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஃபோன் ஒரு நூல் அசையும். பழைய ஒயர் இயர்ஃபோனைச் செருகி அதன் வால்யூம் பட்டனை அழுத்தினால் பல ஃபோன்களில் படம் விழும். என் ஃபோனிலும் விழுந்தது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல ரிமோட் தேவையில்லை.

வெளிச்சம்தான் படுத்தியது. முதல் நாள் ஜன்னலோரம் எடுத்தேன். ஓட்டிப் பார்க்கும்போது மேகம் போவதும் வருவதும் தாளில் அலையடித்தது. அதனால் ராத்திரி, ஜன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு எல்.இ.டி. விளக்குகளை இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தேன். ஃபோனில் ப்ரோ மோடுக்குப் போய் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றையும் பூட்டினேன். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு மினுக்கங்களே அடங்கும், வெளிச்சம் ஏறி இறங்காது. 1/80இல் எடுத்த முதல் 30 படங்களை அழிக்க வேண்டி வந்தது.

அப்புறம் உருவங்கள். செவ்வகம் 5 × 9 செ.மீ., வட்டம் 3 செ.மீ. விட்டம், முக்கோணம் 4 செ.மீ. அடி, 6 செ.மீ. உயரம். மூன்றையும் ஒரே கருநீல சார்ட் பேப்பரில் வெட்டினேன். ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் நிறமே பாதி குணத்தைச் சொல்லிவிடும், வடிவமும் அசைவும் எவ்வளவு சொல்கின்றன என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். சார்ட் பேப்பர் தனியாக இருந்தால் ஓரம் சுருண்டு நிழல் விழுகிறது. வீட்டில் சேர்ந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டினேன். கனமும் வந்தது, தட்டையாகவும் படுத்தது. வெட்டிய விளிம்பில் அட்டையின் வெள்ளை தெரியும், அதைக் கருநீல ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சுற்று தீட்டிவிட வேண்டும். இல்லையென்றால் விளக்கு பக்கவாட்டில் இருப்பதால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு வெள்ளி ஓரம் வந்துவிடும்.

ஒரு வட்டம் போதாது. டிஸ்னியில் நெடுங்காலம் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஒல்லி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த அனிமேஷனின் 12 அடிப்படைகளில் முதலாவது நசுங்கலும் நீள்தலும். அதன் உயிர்நாடியான விதி, வடிவம் மாறினாலும் கொள்ளளவு மாறக்கூடாது என்பது. காகிதத்தில் அது பரப்பளவு. உயரத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அகலம் 125 சதவீதமாக வேண்டும், அதாவது 3 செ.மீ. வட்டம் 2.4 உயரம், 3.75 அகலமுள்ள நீள்வட்டமாகும். உயரம் 3.6 ஆனால் அகலம் 2.5. இப்படி இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஐந்து வடிவம் போட்டு அச்செடுத்து வெட்டிக்கொண்டேன். சோதனைக்காக அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைத்த ஒரு வட்டத்தையும் வெட்டிப் பார்த்தேன். ஓட்டும்போது அது நசுங்கவில்லை, தூரமாகப் போய் வந்தது. குழந்தை ஒரு கணம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

இங்கேதான் இந்த வேலையின் நிஜமான சிக்கல் வந்தது. வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது. முக்கோணத்துக்குக் கூர் இருக்கிறது, அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்வோம். செவ்வகத்தைச் சாய்க்கலாம். வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும் அது திரும்பியதே தெரியாது. உருட்டினாலும் உருள்வது தெரியாது, வழுக்கிப் போவதாகத்தான் தெரியும். குழந்தை கேட்டைப் பார்க்கிறாளா, அம்மாவைப் பார்க்கிறாளா? கதையே இந்த ஒரு கேள்விதான். ஒரு புள்ளியை வைத்துவிடலாமே என்று ஆசையாக இருந்தது. ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. வைத்தும் பார்த்தேன், பிள்ளைகள் மறுபடியும் அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தார்கள். எடுத்துவிட்டேன்.

இரண்டு விஷயங்கள் வழிவிட்டன. முதலாவது, போகப்போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக 2 மி.மீ. பின்வாங்கிவிட்டுக் கிளம்புவது. தண்ணீரில் குதிக்கும் முன் நாம் ஒரு சின்னக் குனிவு குனிவோமே, அதுதான். அந்த 2 மி.மீ. வந்ததும் வட்டத்துக்கு ஒரு முதுகு வந்துவிட்டது, முதுகு வந்ததும் முகமும் வந்துவிட்டது. இரண்டாவது, நீள்வட்டத்தைக் கிடைமட்டமாக வைக்காமல் கேட்டை நோக்கி லேசாகச் சாய்த்து வைப்பது. 3.3 செ.மீ. நீளமுள்ள, வட்டமா நீள்வட்டமா என்று சட்டென்று சொல்ல முடியாத ஒன்று. அதன் நீண்ட அச்சு கேட்டை நோக்கி இருந்தால் குழந்தை எட்டிப் பார்க்கிறாள். தனியாக எடுத்துப் பார்த்தால் அது வெறும் சப்பையான வட்டம், ஓட்டத்தில் மட்டும்தான் அது பார்வை.

செவ்வகத்தையும் இரண்டு தரம் மாற்றினேன். முதலில் நடுவில் பிடித்துச் சாய்த்தேன். கீழ் முனை இரண்டும் நகர்ந்துவிட்டதால் அம்மா அந்தரத்தில் மிதந்தாள். கீழ் மூலையை ஊன்றிச் சாய்த்தால் பீரோ சரிகிற மாதிரி வந்தது. கடைசியில், சாய்ப்பதை விட்டுவிட்டு, இணைகரம் வெட்டினேன். அடிப்பக்கம் அதே 5 செ.மீ., உயரம் அதே 9 செ.மீ., மேல்பக்கம் மட்டும் 4, 8, 12 மி.மீ. தள்ளியிருக்கும் மூன்று அட்டைகள். அடியும் உயரமும் மாறாததால் பரப்பளவும் மாறாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கால் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் குழந்தையின் பக்கம் வளைகிறது. 4 மி.மீ. அட்டையை வைத்தபோதே அது அம்மாவாகிவிட்டது. 12 மி.மீ. அட்டையைப் படத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் பயன்படுத்தினேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடுக்கும் முன் கோடு போட்ட நோட்டு ஒன்றில் நேரத்தை எழுதிக்கொண்டேன். ஒரு வரி ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம். 12 வரிக்கு ஒரு விநாடி. சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம் என்றாலும், ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி 12 ஓவியத்தில் முடிப்பது கையால் வரையும் அனிமேஷனில் பழைய பழக்கம். எனக்கும் 12 போதும், 38 விநாடிக்கு 456 படம். வரியில் நான் எழுதியது எவ்வளவு மி.மீ. நகர்த்த வேண்டும் என்பதை மட்டும்தான். குழந்தை உள்ளே போய்த் திரும்பி ஓடிவரும் இடத்தின் வரிகள் இப்படி இருந்தன: 2, 3, 4, 4, 3, 3, 2. அப்புறம் ஐந்து வரி சும்மா. அப்புறம் கேட்டின் பக்கமாக ஒரு சின்ன நசுங்கல், இரண்டு வரி. அப்புறம் 4, 9, 8. போகும்போது 21 மி.மீ. தூரத்துக்கு ஏழு ஃபிரேம், திரும்பும்போது அதே 21 மி.மீ.க்கு மூன்றே ஃபிரேம். போகும்போது கடைசியில் வேகம் குறைந்து தானாகத் தேய்ந்து நிற்கிறாள். வரும்போது குறையவே இல்லை, அந்த 8 மி.மீ. வேகத்தோடேயே அம்மாவின் மேல் மோதி, 2.5 செ.மீ. அகல நீள்வட்டமாக ஒட்டிக்கொள்கிறாள். மோதலில் நசுங்கும் பக்கத்தைச் சரியாக வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் பக்கத்தில்தான் அமுங்க வேண்டும். எதிர்ப்பக்கம் அமுங்கினால் அம்மா இழுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

நடுவில் அந்த ஐந்து சும்மா வரிகள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. அங்கே எதுவுமே நகரவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் பார்ப்பவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்கிறார்கள்.

இரண்டாவது வார இறுதியில் 212ஆவது படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வியர்க்கிறதே என்று வீட்டில் ஒருவர் வந்து மின்விசிறியைப் போட்டார். உருவங்கள் கனமாக இருந்ததால் பறக்கவில்லை, ஆனால் வட்டமும் கேட்டுக்கு வைத்திருந்த தீக்குச்சிகளும் நகர்ந்துவிட்டன. நகர்ந்தது இரண்டு மூன்று மி.மீ.தான் இருக்கும். ஓட்டத்தில் 3 மி.மீ. என்பது குழந்தை ஓர் அடி எடுத்து வைப்பது. 211ஆவது படத்தை மடிக்கணினியில் பெரிதாகத் திறந்து, அதன் மேல் டிரேசிங் தாளைப் பிடித்து விளிம்புகளைக் குறித்து, புதிதாக எடுத்த படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு தீக்குச்சிகளைத் தாளிலேயே பசை போட்டு ஒட்டிவிட்டேன். உருவங்களின் அடியில் கடுகளவு ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசைக்களி) வைத்தேன். விசிறி சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் ஸ்டாப் மோஷன் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முதலிலேயே போட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இப்போது அம்மா முதுகில் தொடும் இடம். இதைத்தான் ஏழு தரம் எடுத்தேன், இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

செவ்வகம் 4 மி.மீ. அட்டைக்கு மாறி வட்டத்தைத் தொடுகிறது. வட்டம் கேட்டை நோக்கிப் போகிறது. முதல் தரம், தொட்ட அடுத்த ஃபிரேமிலேயே வட்டத்தை நகர்த்தினேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். "அவங்க அம்மா தள்ளிவிட்டுட்டாங்க" என்றான். அவன் சொன்னது சரிதான், நானும் அதைத்தான் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நான் அவளைத் தள்ளவில்லை.

பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் மிஷோட் இந்தக் கேள்வியை மிக நுணுக்கமாக ஆராய்ந்து 1946இல் வெளியிட்டிருக்கிறார். சுழலும் தட்டில் கோடுகளை வரைந்து, முன்னால் ஒரு கீற்றளவு திறப்பு வழியாகப் பார்த்தால், ஒரு கட்டம் போய் இன்னொரு கட்டத்தைத் தொடுவதும் அது கிளம்புவதும் தெரியும். தொட்டதும் கிளம்பினால் முதலாவதுதான் இரண்டாவதை அனுப்பியது என்று கண்ணே முடிவுகட்டிவிடுகிறது. யோசித்துச் சொல்வது இல்லை அது, நேராகக் காண்பது. தொடுவதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி வரவர அந்த எண்ணம் கலையத் தொடங்குகிறது. இடைவெளி கூடினால், இரண்டாவது தானாகவே கிளம்பியதாகத் தெரிகிறது.

என் கணக்கில் ஒரு ஃபிரேம் 83 மில்லி விநாடி. ஆக, தள்ளியதற்கும் போனதற்கும் நடுவில் இருக்கும் எல்லைக்கோடு என் நோட்டில் இரண்டாவது வரியில் ஓடுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தொட்டபின் ஒரு ஃபிரேம் நின்று போனால், இன்னமும் தள்ளல்தான், கொஞ்சம் மெத்தென்ற தள்ளல். இரண்டு ஃபிரேம் நின்றால், ஒருவர் தள்ளினார்கள் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். மூன்று நின்றால் தள்ளல் போய்விட்டது. ஆனால் வட்டம் திடுக்கிட்டுப் போன மாதிரி இருந்தது. நாலில், அது தொடுகையை உணர்ந்து, முடிவெடுத்து, போனது. எட்டில், அம்மா தொட்டதை அது கவனிக்கவே இல்லை, வேறு ஏதோ நினைத்துக்கொண்டு போனது. நாலில் நிறுத்தினேன். அந்த நாலிலும் மூன்றாவது ஃபிரேமில் மட்டும் வட்டத்துக்குப் பதில் 3.3 செ.மீ. நீள்வட்டத்தை, அச்சு கேட்டை நோக்கி, வைத்தேன். மூச்சை இழுத்துக்கொள்வது அது. அதே பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அம்மா தொட்டாங்க, பாப்பா சரின்னு போயிடுச்சு" என்றான். பாப்பா என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் பிளெண்டரில் செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். நோட்டில் எழுதிய அதே எண்களை ஃபிரேம் ஃபிரேமாகக் கீ வைத்து, கிராஃப் எடிட்டரில் எல்லாவற்றையும் கான்ஸ்டன்ட் (அடுத்த கீ வரை அசையாமல் நிற்பது) ஆக்கி ஓட்டிப் பார்த்தேன். தயக்கம் அப்படியே வந்தது. கணினி என்னைக் கெடுக்கவில்லை. இரண்டு கீக்கு நடுவில் உள்ளதை அதனிடம் விட்டுவிட்டேன், நடிப்பு முழுக்க அந்த நடுவில்தான் இருந்தது. காகிதத்தில் அதை யாரிடமும் விட முடியாது, ஒவ்வொரு மி.மீ.யையும் கை தொட்டாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு பத்து விநாடியாவது காகிதத்தில் செய்துவிட்டுக் கணினிக்குப் போனால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

முக்கோணத்துக்கு வருகிறேன். கூர் இருக்கும் வடிவத்தை நல்லவராக்குவது கஷ்டம். டீச்சரை முதலில் வட்டத்தை நோக்கிக் கூரைத் திருப்பி வரவைத்தேன், குழந்தையைப் பார்த்து வருகிறார் என்று காட்டத்தான். "குத்த வருது" என்றார்கள் பிள்ளைகள் ஒரே குரலில். வேகத்தைக் குறைத்தால் பதுங்கி வருவது போல இன்னும் மோசமானது. ஆகவே கூர் எப்போதும் மேலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடிப்பக்கம் தரையில், கூர் வானத்தைப் பார்த்து, ஒரு கோபுரம் நிற்கிற மாதிரி. வட்டம் உள்ளே வரும்போது முக்கோணம் 3 மி.மீ. பின்னால் போகிறது. வழிவிடுவது அவ்வளவுதான். பிறகு வட்டத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், 2 செ.மீ. இடம் விட்டு, அதன் வேகத்துக்கே கூட நடக்கிறது. வட்டம் நின்றால் ஒரு ஃபிரேம் கழித்து அதுவும் நிற்கும். வட்டம் கிளம்பினால் ஒரு ஃபிரேம் கழித்து அதுவும் கிளம்பும். முன்னால் போனால் அது இழுத்துப் போவதாகிவிடும், ஒரே நேரத்தில் போனால் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை ஆகிவிடும்.

கடைசிக் காட்சியில் அம்மா தனியாக நிற்கிறாள். 30 ஃபிரேம், இரண்டரை விநாடி. முதலில் ஒரே படத்தை 30 தரம் நகலெடுத்துப் போட்டேன். படம் உறைந்துபோன மாதிரி, ஏதோ கோளாறு மாதிரி இருந்தது. அதனால் நிற்கும் இடத்தில் உருவத்தைத் தொடாமலேயே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடுத்தேன். படத்துக்குப் படம் வரும் மணல் மணலான நுண்ணிய வேறுபாடு, விளக்கின் கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம், இவையே போதும், நிற்பது நிற்பதாகத் தெரிந்தது. வட்டம் ஃபிரேமை விட்டுப் போன பிறகு, 20ஆவது ஃபிரேமிலிருந்து, செவ்வகம் 4, 8, 12 என்று மூன்று அட்டைகளும் மாறி கேட்டின் பக்கம் வளைகிறது. அந்த 12 மி.மீ. அட்டை வருவது இங்கே மட்டும்தான். கால் நகரவில்லை.

முழுப் படத்தையும் பிளெண்டரின் வீடியோ சீக்வென்சரில் வரிசையாகப் போட்டு, 12 ஃபிரேமுக்கு அமைத்து, அம்மாவிடம் காட்டினேன். என் அம்மாவுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எதுவும் தெரியாது, ராத்திரியில் தாளை நகர்த்திக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பார்த்து முடித்துவிட்டு, "அந்த டீச்சர் நல்லவங்க. கிட்ட வந்து இழுக்காம தள்ளியே நின்னாங்க பாரு" என்றார். செவ்வகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை வாங்கி இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார்.

அப்புறம் மகள். அவளை மடியில் வைத்துக்கொண்டு காட்டினேன். வட்டம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டபோது என் கையைப் பிடித்தாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "சாயங்காலம் கூட்டிட்டு வரவே இல்லையே அம்மா?" என்றாள்.

அன்று ராத்திரியே பலகையை மறுபடியும் நாற்காலிமேல் வைத்தேன். 60 படம், ஐந்து விநாடி. செவ்வகம் கேட்டில் நிற்கிறது. வட்டம் உள்ளிருந்து வருகிறது: 5, 9, 12, 14, 14, 14. தயக்க வரி ஒன்றுகூட இல்லை. மோதும் இடத்தில் இந்த முறை இரண்டையும் நசுக்கினேன்.